நாகப்பட்டினம்: சரித்திரமும் சீதோஷ்ணமும் சமூக வாழ்க்கையும்

ஒரு குடும்பத்தார் தம் முன்னோர் பெயரை அறியாதிருத்தல் எவ்வாறு குறையோ, அவ்வாறே ஓர் ஊரார் தம் ஊரின் சரித்திரத்தை அறியாதிருத்தலும் குறையேயாம். நமது சங்கத்தைச் சார்ந்த குடும்பங்கள் பல, கீழைக் கடற்கரையூர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவன. ஆதலின், அவ்வூர்களுள் பழமையும் புகழும் ஒருங்கே வாய்ந்த நாகப்பட்டினத்தைக் குறித்து இத்திங்கள் சிறிது எழுதப் புகுகின்றோம். அரசர் பெயர்களையும் போர்களையும் வரிசைப்படுத்திக் கூறுதல் நமது நோக்கமன்று. எதனையும் நெடுநாள் நிலைக்கவிடாத ஒரு கடற்கரையில், ஒரு நகரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்பது எதனால் என்பதே நாம் ஆராய விரும்பும் பொருளாகும்.

நகரின் நிலை

சோழ வளநாட்டின் கிழக்கெல்லையில், காவிரிப் படுகை கடலைத் தொடுமிடத்தில், நாகை அமைந்துள்ளது. வடக்கே சிறிது தூரத்தில் நாகூர் உளது; அவ்வூரும் நாகை நகராட்சியிலேயே அடங்கும். தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. அதற்கும் தெற்கே வேதாரணியமும், கரை மேற்கு நோக்கித் திரும்பும் கோடியக்கரையும் உள்ளன. கடுவையாறு இந்நகரை அடுத்துக் கடலிற் கலக்கின்றது.

இத்துறைக்கு மலையோ தீவோ அரணாக இல்லை. ஆற்று முகமும் ஆழமற்றது. ஆதலால் முற்காலத்திற் பெருங்கப்பல்கள் கரையை அணுகாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மக்களையும் சரக்கையும் படகுகளே கொண்டு சேர்த்தன. அலை மீறினால் படகு ஓடாது. படகு ஓடாவிடில் வாணிகம் இல்லை. இத்தகைய இயற்கைக் குறையுள்ள துறை உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம், அதன் பின்னே கிடந்த நெல்வயல்களும், எதிரே கிடந்த கீழ்த்திசை நாடுகளும், இவ்விரண்டையும் இணைக்க அறிந்த மக்களுமே.

சீதோஷ்ணம்

நாகையின் சீதோஷ்ணத்தைக் கடலோரத்தார் தேதி பார்த்து அறிவதில்லை. காற்றைப் பார்த்தே அறிவர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தக் காற்றில் மரம் இறக்கலாகாது என்பது பள்ளியிற் கற்பிக்கப்படாத ஒரு சாஸ்திரம். சித்திரை வைகாசியில் வெயில் கொடிது. எனினும் நண்பகலில் கடற்காற்று எழுந்து அதன் கொடுமையைத் தணிக்கும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று வறண்டது. புழுதியை வாரி இறைப்பது.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பாலும் பொழிந்துவிடுகின்றது. நாகைக்கு அதனால் நேரே கிடைப்பது சிறிதே. ஆயினும் குடகில் பெய்த அம்மழையே காவிரியாய் இறங்கி, 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்கி, கால்வாய் வழியே இங்கு வந்து சேருகின்றது. தான் காணாத மழையைக் கொண்டு பயிரிடும் நாடு இது. கடைமடையாதலின் தண்ணீர் இறுதியாக வந்து சேரும். மேலே குறைந்தால் இங்கே இல்லையாம். அக்காலங்களில் உப்பு நிலத்தடி நீரில் ஏறும்.

நேரே பெய்யும் மழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடும். சம்பாப் பயிர் நிமிர்வதும், குளங்கள் நிறைவதும் அம்மழையால். வங்கக் கடலில் புயல் பிறப்பதும் பெரும்பாலும் அதே மாதங்களில். ஊட்டும் காலமும் உலைக்கும் காலமும் ஒன்றேயாக அமைந்த ஊர் நாகை. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால், இவ்வூராரின் குணத்தையும் வழக்கங்களையும் அறிவது எளிதாகும்.

பூர்வ சரித்திரம்

நாகைக் காரோணம் தேவார மூவராலும் பாடப்பெற்ற திருத்தலம். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் திருமங்கையாழ்வாரால் மங்களாசாசனம் செய்யப்பெற்றது. அறுபத்துமூவருள் ஒருவராகிய அதிபத்த நாயனார் இவ்வூர் நுளைப்பாடியில் மீன்பிடித்து வாழ்ந்தவர். நாள்தோறும் வலையிற்பட்ட முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் வழக்கம். வறுமை மிக்க காலத்தில் ஒரே ஒரு மீன் மட்டும் பொன்மீனாக அகப்பட்டபோதும், அதனையும் தயங்காது கடலிலேயே விட்டார் என்று பெரிய புராணம் கூறும். ஆவணி ஆயிலியத்தில் இன்றும் இதற்கு விழா நடைபெறுகின்றது. முதற்பங்கு தனக்கன்று என்னும் நெறி இந்நகரின் பழஞ்சொத்தாம்.

சோழப் பேரரசின் காலத்தில் நாகை கீழ்த்திசை வாணிகத்தின் தலைவாயிலாயிற்று. ஸ்ரீவிஜய நாட்டையும் கடாரத்தையும் ஆண்ட மாரவிஜயோத்துங்கவர்மன் என்னும் அரசன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் இங்கு ஒரு பௌத்த விகாரம் எழுப்பினான். சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட முதலாம் இராஜராஜ சோழன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரத்துக்கு அளித்தான். கொடுத்தவன் சைவன், பெற்றது பௌத்தப் பள்ளி, கட்டியவன் கடல் கடந்த நாட்டான்.

அத்தானம் செய்யப்பட்ட முறையும் நாம் அறியத்தக்கது. அரசன் வாயால் சொன்ன அளவில் காரியம் முடிந்துவிடவில்லை. ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, அண்டை ஊரார் உடனிருந்து எல்லையை ஒப்புக்கொள்ள, அனைத்தும் எழுத்தில் ஏறின. இராஜராஜன் மறைந்த பின், தந்தை சொல் நிலைபெறும்பொருட்டு இராஜேந்திரன் அதனைச் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள், வடமொழியில் 5, தமிழில் 16, சோழ முத்திரை பொறித்த வளையத்தால் கோக்கப்பட்டவை. பிற்காலத்தில் அவை ஒல்லாந்தர் கைப்பட்டு, நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்னும் பெயர் பெற்றன.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1025-ஆம் ஆண்டையொட்டி அதே இராஜேந்திரன் கப்பற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். இரு நாட்டுக்கும் பகை மூண்டது. ஆயினும் நாகை விகாரம் அழியவில்லை. 1090-இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் தூதர் வேண்ட, நாகைப் பள்ளிகளுக்குரிய தானங்கள் மீண்டும் செப்பேட்டில் உறுதி செய்யப்பட்டன. அரசர் இருவர் போரிட்டனர். அவர்கள் தர்மம் போரிடவில்லை. எழுத்திலேறிய அறம் பகையையும் தாண்டி நின்றது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கோட்டை கட்டியோர் காலம்

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இத்துறையில் குடியேறினர். 1658-இல் ஒல்லாந்தர் அவர்களிடமிருந்து இதனைக் கைப்பற்றினர். 1690-இல் தமது சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றிப் பெருங்கோட்டையும் அமைத்தனர். 1746, 1758, 1782 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இக்கடலில் போர் செய்தனர். 1781-இல் ஆங்கிலேயர் நாகையைப் பிடித்தனர். 1784 உடன்படிக்கையால் அஃது அவர்களுக்கே உரியதாயிற்று.

இத்தனைக்கும் காரணமான அக்கோட்டை இன்று இல்லை. அதனைக் கட்டியோரும் இல்லை. ஆனால் அதே பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த வேறொன்று இன்றும் நிற்கின்றது. நாகூரில் அடங்கிய ஷாகுல் ஹமீது ஆண்டவரின் தர்காவில் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிம்மர். கந்தூரி விழாவில் சந்தனக்கூடு நாகையிலிருந்து புறப்பட்டு நாகூர் செல்லும்; வழி நெடுகிலும் எல்லா வகுப்பாரும் நின்று வணங்குவர். அவ்வாறே, ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவியுடை தரித்துக் கால்நடையாய்ச் செல்வோரில் மாதாவை வேண்டிக்கொண்ட மற்ற மதத்தாரும் உளர். அச்சத்தாற் கட்டிய கோட்டை அழிந்தது. அன்பாற் கட்டிய மினாரா நிற்கின்றது.

நாம் இழந்த கோபுரம்

நாகையின் சரித்திரம் முழுதும் இனிமையானதென்று கூறுதல் உண்மையாகாது. இங்கிருந்த பொற்புத்த விக்கிரகத்தைத் திருமங்கையாழ்வார் எடுத்துச் சென்று திருவரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று குருபரம்பரைக் கதையே கூறுகின்றது. அது கதையே ஆயினும், அக்காலத்து மனநிலைக்கு ஒரு சான்றாகும்.

கதையன்றி, நாள் குறிக்கத்தக்க இழப்பும் ஒன்றுண்டு. பௌத்தர் இவ்வூரை விட்டு அகன்ற பின்னும், செங்கல்லாலான மூன்று நிலைக் கோபுரமொன்று நகரின் வடபால் பல நூற்றாண்டு நின்றது. மாலுமிகள் அதனை அடையாளமாகக் கொண்டு கரை கண்டனர். ஜனங்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றழைத்தனர். சர் வால்டர் எலியட் 1846-இல் அதனைப் பார்த்துக் குறிப்பெழுதினார். 1867-இல், இடிந்துவிழும் நிலையிலுள்ளதென்று கூறி, அரசாங்க அனுமதியுடன் அதனை இடித்துவிட்டனர். அவ்விடத்திலும் அதனருகிலும் 1856 முதல் சுமார் எண்பதாண்டு காலத்தில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. அவற்றுட் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஆனைமங்கலத் தானம் எழுதப்பட்டமையால் இன்று உலகம் அறியும். கோபுரமோ உரிமை பேசுவாரின்றி மறைந்தது. அதனைக் கட்டிய மதத்தார் ஊரில் இல்லாதபோது, மற்றையோர் அதனைத் தமதென்று எண்ணவில்லை. ஒரு வகுப்பாரின் சின்னத்தை அவ்வகுப்பார் மட்டுமே காக்க வேண்டுமென்றால், அவ்வகுப்பார் குறைந்த நாளில் அது வீழும். இதுவே புதுவெளிக் கோபுரம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இருப்புப் பாதையும் கப்பலும்

1861-இல் நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. 1866-இல் நகராட்சி ஏற்பட்டது. ரயில்வேத் தொழிற்சாலையால் பல்லாயிரவர் பிழைத்தனர். 1920-களின் இறுதியில் அத்தொழிற்சாலை திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்படவே, பல குடும்பங்கள் அதனைப் பின்பற்றிச் சென்றன. நாகை அதனால் மெலிந்தது. இக்கால எல்லைக்குள்ளேயே, 1876-இல், தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாராகிய மறைமலையடிகள் இங்குப் பிறந்தார். நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த வெ. நாராயணசாமிப் பிள்ளையிடமே அவர் தமிழ் பயின்றார். ஒரு சிறு கடையும் ஒரு கல்லூரியின் வேலையைச் செய்யும் என்பதை நம் இளைஞர் கவனிப்பாராக.

இதே துறையிலிருந்துதான் எண்ணிறந்த எளிய மக்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். தோட்டக் கூலிகளாகச் சென்றோர் பலர். கடை வைக்கச் சென்றோர் சிலர். திரும்பாதோர் மிகப் பலர். ரஜுலா என்னும் கப்பலின் பெயரை அறியாத பழைய குடும்பம் இக்கரையில் அரிது. 1980-களில் கீழ்த்திசைப் பயணிகள் கப்பல் நின்றுபோயிற்று. நெடுங்காலத்துக்குப் பின், 2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. 1991-இல் நாகப்பட்டினம் தஞ்சையினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2020-இல் அதிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது.

கடல் சீறிய நாட்கள்

1977 நவம்பர் 12-ஆம் நாள் விடியற்காலையில் நாகைக்குத் தெற்கே கரை கடந்த புயலில் 500-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனினும் கொடியது 2004 டிசம்பர் 26. அன்று காலை சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பின்னரே பேரலை நம் கரையை அடைந்தது. அத்தனை நேரமிருந்தும், வருகிறதென்று சொல்லுவார் ஒருவருமில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணியிலும் நேர்ந்ததை எழுத எழுத்தாணி கூசும்.

அத்துயரில் இந்நகரின் சமூக வாழ்க்கை தன் இரு முகங்களையும் காட்டியது. கடலோரக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்னும் பழைய ஏற்பாடு உண்டு. ஊர் வரி வசூலிப்பதும், கோயில் விழா நடத்துவதும், வழக்குத் தீர்ப்பதும் அதன் பணி. எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பஞ்சாயத்தார் அறிந்திருந்தமையால், உதவிப் பொருள்கள் குழப்பமின்றிப் பங்கிடப்பட்டன. கோயில்களும் தர்காவும் மாதா கோயிலும் கலியாண மண்டபங்களும் பள்ளிகளும் இடமளித்தன. இது நன்முகம். ஆனால் அப்பஞ்சாயத்துக் கணக்கில் சேராத கூலிகளும், ஒடுக்கப்பட்ட வகுப்பாரும் பல இடங்களில் உதவியின்றி விடப்பட்டனர் என்றும், சில முகாம்களில் சாதி பார்த்து மக்களைப் பிரித்தனர் என்றும் அந்நாட்களிலேயே செய்திகள் வெளிவந்தன. அலை ஒருவரையும் குலம் கேட்கவில்லை; கரையேறிய பின் மனிதர் கேட்டனர்.

அதன் பின் நாடு ஒன்று கற்றுக்கொண்டது. 2007-இல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னையும் வீடும் படகும் அளவின்றி அழிந்தன. எனினும் முன்னரே அறிவிப்பு வந்து, பல்லாயிரவர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தமையால், உயிர்ச்சேதம் முற்காலத்தை நோக்கக் குறைந்தது. காற்றைத் தடுக்க எவராலும் இயலாது. சொல்லவும் இடங்கொடுக்கவும் இயலும்.

நமது கடமை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறுவோம். நாகையை நிலைக்கச் செய்தது கோட்டையன்று, கப்பலன்று, ஆலையன்று. அவை வந்தன, போயின. ஒருவர் அறத்தை மற்றொருவர் பேணிய வழக்கமும், அவ்வறத்தை எழுதிவைத்த ஒழுங்குமே இதனை நிலைக்கச் செய்தன. அவ்வழக்கம் தளர்ந்த இடங்களில் கோபுரம் இடிந்தது. துன்புற்றோர் வெளியே நின்றனர்.

சங்கம் என்பது தன்னவரைத் தாங்க ஏற்பட்டது. அதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் ஆபத்து நாளில் தன் பெயர்ப் பதிவேட்டுக்கு வெளியே நிற்பவரைக் காணாத சங்கம், எத்துணைச் செல்வமுடையதாயினும், ஊருக்குச் சுமையேயாகும். ஆதலின் கரையூர்களிலுள்ள நம் அங்கத்தினருக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றோம்.

முதலாவது, ஐப்பசி பிறக்கும் முன்னரே சங்கத்துக்குரிய மண்டபங்களின் கூரை, கிணறு, விளக்கு முதலியவற்றைப் பழுது பார்த்து, புயல் நாளில் எக்குலத்தார் வரினும் கதவு திறக்கப்படும் என்பதை நிருவாகக் குழுவின் தீர்மானமாக எழுதிவைத்தல் வேண்டும். வாய்ச்சொல் அந்நாளில் உதவாது. சாவி யாரிடம் இருக்கும் என்பதும் அத்தீர்மானத்தில் இருத்தல் நலம்.

இரண்டாவது, பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த கடிதங்கள், கப்பற் சீட்டுகள், பழைய கணக்குப் புத்தகங்கள், புகைப்படங்கள் ஆகியவை பல வீடுகளின் பெட்டிகளில் உப்புக் காற்றால் அரிக்கப்பட்டு வருகின்றன. அவற்றைத் துடைத்து, படியெடுத்து, இன்னார் இன்ன ஆண்டில் சென்றார் என்று முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இப்பணிக்குப் பெண்மணிகளே பெரிதும் தக்கவர். குடும்ப நினைவு அவர்களிடமே தங்கியிருக்கின்றது.

மூன்றாவது, நாம் அளிக்கும் கல்வி உதவியில் ஒரு பங்கேனும் நம் வகுப்பைச் சாராத கரையூர்ச் சிறார்க்கு அளிக்கப்படுமாயின், அதிபத்தர் ஊரின் பெயருக்கு அது தகும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சைவ மன்னன் பிறர் பள்ளிக்கு ஓர் ஊரையே கொடுத்தான். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு மண்டபத்தின் சாவி. அடுத்த புயலுக்கு முன் அதனைத் தீர்மானித்து வைப்பீர்களென்று நம்புகின்றோம்.